எங்கள் லேபில் தப்பு வராது

ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று லேப்காரர்கள் சங்கத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் இப்படிக் கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் காலத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் மைக்ரோஸ்கோப் பார்த்தோம், உங்களுக்கு எல்லாவற்றையும் மெஷினே செய்து கொடுக்கிறது என்று ஆரம்பித்து, நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்பதில் வந்து முடியும். முதலில் அப்படித்தான் எழுதினேன். இரண்டு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் பணி நிறைவு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, இத்தனை வருட சர்வீசில் இவர் கொடுத்த ரிசல்ட் ஒன்றுகூடத் தப்பானதில்லை என்று பேசினார். சந்தன மாலையும் சால்வையுமாக நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. முன்வரிசையில் எங்கள் பழைய டாக்டர் மேடம் இருந்தார். அவர் கை தட்டாமல் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் கை தட்டவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில். எது என்று கேட்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் அங்கே இருந்தது. அதன் லேப் என் பொறுப்பு. காக்களூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர்கள், வள்ளூர் பக்கம் காண்ட்ராக்டில் வெல்டிங் செய்பவர்கள், எளாவூர் செக்போஸ்டில் லாரியை வரிசையில் விட்டுவிட்டு ஓடி வரும் டிரைவர்கள், சொந்த ஊர்க்காரன் எவன் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரும் நெல் வயல்காரர்கள் என்று எல்லா வகையும் வருவார்கள்.

இவர்களில் சிலருக்கு எச்.ஐ.வி.யோடு இன்னொரு கிருமியும் இருக்கும். ஹெபடைட்டிஸ் பி. கல்லீரலில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும் மஞ்சள் காமாலைக் கிருமி. இரண்டும் வருவது ஒரே வழியில்தான்: ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம். நாங்கள் கொடுக்கும் மாத்திரையில் டெனோஃபோவிர் என்று ஒரு மருந்து உண்டு. அது இரண்டு கிருமியையும் சேர்த்து அடக்கும். அதனால் இரண்டாவது கிருமி இருப்பது நோயாளிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. என்றைக்காவது வேறு காரணத்துக்காக அந்த மருந்தை நிறுத்தினால், அடங்கியிருந்த கிருமி பெருகிக் கல்லீரலைத் தாக்கும்போதுதான் தெரியும். நிறுத்துவதற்கு முன்னால் அந்தக் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உறுதி செய்வது லேப் வேலை. அதற்கென்று வரும் பரிசோதனைக் கிட்டில் ரத்தத்தை விட்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எச்.ஐ.வி. கிட் எப்போதும் இருக்கும். ஹெபடைட்டிஸ் கிட்தான் அந்தக் காலத்தில் எப்போதாவது வரும். வந்தால் கொஞ்சமாக வரும். யாருக்குப் பார்ப்பது, யாரை விடுவது என்று எனக்கு யாரும் எழுத்தில் சொல்லித் தரவில்லை. நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஆளைப் பார்ப்பேன். லாரிக்காரர்களுக்குக் கட்டாயம். கையில் பச்சை குத்தியவர்களுக்குக் கட்டாயம். வாயைத் திறந்தால் சரக்கு வாடை அடிப்பவர்களுக்கும், ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கும் கட்டாயம். புருஷனால் நோய் வாங்கிக்கொண்டு, தலை குனிந்து வந்து தலை குனிந்து போகும் குடும்பப் பெண்களை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

ஒருமுறை ஓர் ஆந்திரா லாரி டிரைவர் எனக்கு எதுவும் இல்லை நைனா, விடு நைனா என்று கெஞ்சியும் விடாமல் பார்த்தேன். பாசிட்டிவ் வந்தது. உனக்குக் கண்ணிலேயே கிட் இருக்கிறது என்று சிஸ்டர்கள் கிண்டலாகச் சொன்னார்கள். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று உண்மையாகவே நம்ப ஆரம்பித்தேன். அன்றைக்கு ஏறின கொழுப்பு இறங்க ஓர் உயிர் ஊசலாட வேண்டியிருந்தது.

அந்த உயிருக்குச் சலோமி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. நடவுக்கும் களைக்கும் போன குடும்பத்தில் முதல்முதலாகக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர். புருஷன் செத்துப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஒரே மகள் ஜெனி, நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில். சலோமி மாதம் தவறாமல், அதுவும் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வருவார். ஒரு மாத்திரையைக்கூட விட்டதில்லை. என்னை அண்ணா என்பார். கிறிஸ்துமசுக்கு எனக்கென்று தனி டப்பாவில் அதிரசம் வரும். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. அந்த மரியாதையால்தான் அவருக்கு நான் டெஸ்ட் செய்யவில்லை. கேட்கவே கூச்சமாக இருந்தது, அவரைப் போய் லாரிக்காரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவதா என்று. புருஷன் எதனால் செத்தார் என்றாவது கேட்டிருக்கலாம். மஞ்சள் காமாலையில்தான் செத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு தடவை சென்னையிலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் மையத்தில் ஒரு வெள்ளை அட்டை இருக்கும், அவர் கையில் ஒரு பச்சைப் புத்தகம் இருக்கும். வெள்ளை அட்டையில் ஹெபடைட்டிஸ் பி என்ற கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும். டேட்டா பார்க்கும் பையன் காலிக் கட்டம் உள்ள அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். கிட் அப்போது கையில் இல்லை. அட்டைகளை இரண்டாகப் பிரித்தேன். என் கணக்கில் சந்தேகத்துக்குரியவர்களைக் காலியாகவே விட்டு, கிட் வரவில்லை என்று குறிப்பு எழுதினேன். மீதி பதினொரு அட்டைகள் நான் உத்தரவாதம் தரக்கூடிய நல்லவர்கள். மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்சைக் கழுவி வைத்துவிட்டு, பதினொன்றிலும் அன்றைய தேதியைப் போட்டு நெகட்டிவ் என்று எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கை நடுங்கியது, மனம் உறுத்தியது என்றெல்லாம் சொல்ல ஆசைதான். எதுவும் இல்லை. ஓர் உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்தான் எழுதினேன். அடுத்த மாதம் சலோமி வந்தபோது அதே தேதியையும் அதே வார்த்தையையும் அவருடைய பச்சைப் புத்தகத்திலும் ஏற்றிக் கொடுத்தேன். வந்தவர்கள் அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒன்றரை வருடம் போனது. சலோமிக்குச் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு ஏற ஆரம்பித்தது. டெனோஃபோவிர் சிலருக்கு அப்படிச் செய்யும். எங்கள் டாக்டர் மேடம் அவசரப்படுகிறவர் இல்லை. இரண்டு மாதம் பார்த்தார். மூன்றாவது மாதம் மருந்தை மாற்றலாம் என்று முடிவு செய்தார். அன்றைக்கு வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏதோ ரிப்போர்ட் கொடுக்க அவர் அறைக்குப் போயிருந்தேன். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, பேனாவைக் கையில் பிடித்தபடியே என்னிடம் கேட்டார்.

"இவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ்னு போட்டிருக்கு. நீங்க பார்த்ததுதானே?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வேலையில் இப்படி ஒரு கேள்வி எப்போதாவதுதான் வரும். வரும்போது அது பெரிய கேள்வி மாதிரி இருக்காது. அன்றைக்கு ஃபிரிட்ஜில் கிட் இருந்தது. சலோமி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஏன் இன்னொரு தடவை என்று அவர் கேட்பார். சலோமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்பிக்கையாக.

"பாத்தாச்சு மேடம்" என்றேன்.

மாத்திரை மாறியது. நாலு மாதம் கழித்து சலோமி மாத்திரை வாங்க வரவில்லை. கண் மஞ்சளாகியிருக்கிறது, ஊருக்குப் பக்கத்தில் யாரிடமோ கீழாநெல்லி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து சொன்னாள். அதற்கடுத்த வாரம், போகிக்கு முந்தின நாள், கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றுகொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே பச்சைப் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ் என்று என் கையெழுத்தில் இருந்தது. அப்படியானால் புது மாத்திரை கல்லீரலைக் கெடுத்திருக்கும், இல்லையென்றால் நாட்டு மருந்து என்று முடிவு செய்து, எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நம் எழுத்தை நம்பித்தான் அடுத்த டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். ஹெபடைட்டிஸ் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆனால் பொங்கல் விடுமுறை, லேபில் பாதி ஆள், ஏற்கெனவே நெகட்டிவ் உள்ள கேஸ் என்பதால் அது கடைசியில் போய் உட்கார்ந்தது.

டாக்டர் மேடம் எனக்குப் போன் செய்தார். நான்தான் மருந்தை மாற்றினேன், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.  நான் என்ன சொன்னேன் தெரியுமா? மனசைத் தளர விடாதீங்க மேடம் என்றேன். இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நிமிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே சரியான மருந்து போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரி, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் பொங்கல் வைத்தோம். மாட்டுப் பொங்கலன்று சலோமிக்கு நினைவு தப்பியது. காணும் பொங்கலன்று சாயந்திரம்தான் ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ். கிருமி கோடிக்கணக்கில் ஏறியிருந்தது. அவர் டெனோஃபோவிர் வருவதற்கு முன்னால் பல வருடம் பழைய வகை மாத்திரையில் இருந்தவர். புது மாத்திரையிலும் இருந்த அந்தப் பழைய மருந்துக்குக் கிருமி பழகிப்போயிருந்தது. டெனோஃபோவிர் மட்டும்தான் அதை அடக்கி வைத்திருந்தது. சிறுநீரகத்துக்குத் தக்கபடி அளவைக் குறைத்து அதையே திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிழைப்பாரா என்று பத்து நாள் யாராலும் சொல்ல முடியவில்லை.

பிழைத்தார். இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன், எப்படியோ தப்பித்தேன் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

நினைவு வந்து வார்டுக்கு மாற்றியதும் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சலோமி எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெனி காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மாவிடமிருந்து நாலடி தள்ளி, ஜன்னலோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் வராந்தாவுக்குக் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னாள். டியூட்டியில் இருந்த டாக்டர் ஒருவர், ஒன்றரை வருடத்துக்கு முன்பு நெகட்டிவ், இப்போது பாசிட்டிவ், அப்படியானால் இந்த ஒன்றரை வருடத்துக்குள் எப்படி வந்தது, யாரோடாவது பழக்கம் உண்டா என்று அவள் அம்மாவைக் கேட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் காதில் விழும்படியே கேட்டிருக்கிறார். சலோமி இல்லை என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் நம்பவில்லை. என்ன கொடுமை என்றால், மகளும் நம்பவில்லை.

"நானும் படிச்சிருக்கேன் சார்" என்றாள் ஜெனி. "பெரியவங்களுக்குப் புதுசா வந்தா எப்படி வந்திருக்கும்னு பரீட்சையில எழுதியிருக்கேன். நான் ஹாஸ்டல்ல இருந்துக்கினு, ஊர்ல அம்மா தனியா நைட் ஷிப்ட் போறாங்கன்னு அழுதுக்கினு இருந்தேன்."  பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். நீங்க மொதல்ல பாத்த டெஸ்ட் தப்பா இருக்க சான்ஸ் இருக்கா?"

அந்தப் பெண் எனக்குக் கதவைத் திறந்து வைத்தாள். தப்பாக இருக்கலாம் என்று சொன்னாலே போதும், செய்யவே இல்லை என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. கிட் சில நேரம் ஏமாற்றும் என்று பாதிப் பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த லேப்காரன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"எங்க லேப்ல தப்பு வராதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நன்றி சார் என்றுகூடச் சொன்னாள். நான் ஆரஞ்சுப் பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தேன். எண்ணூரில் ரயில் நின்றது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம், அடுத்த ரயில் உடனே இருந்தது. இறங்கவில்லை.

நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொண்டேன். டாக்டர் மேடத்துக்கு இது புதிதாக வந்த நோய் என்பதில் நம்பிக்கை வரவில்லை. சலோமியைப் பத்து வருடமாக அறிந்தவர் அவர். ஆனால் என்னைப் போல முகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை, சந்தேகத்தைச் சோதித்தார். அந்த நேரத்தில் வந்த கிட்டே கெட்டுப்போயிருக்குமோ, அப்படியானால் இன்னும் எத்தனை பேருக்குத் தப்பாக வந்திருக்குமோ என்று மேலிடத்துக்கு எழுத முடிவு செய்தார். கடிதத்தில் போட கிட்டின் பேட்ச் நம்பர் வேண்டும் என்று லேபுக்கே வந்து நின்றார். ஒவ்வொரு டெஸ்டையும், எந்த பேட்ச் கிட்டில் செய்தோம் என்பதையும் லேப் ரெஜிஸ்டரில் எழுதுவது வழக்கம். அட்டையில் இருந்த தேதியை அவர் வாசித்தார். நான் ரெஜிஸ்டரை எடுக்காமல் நின்றேன். அவரே எடுத்தார். அந்தத் தேதியில் சலோமி பெயர் இல்லை. முன்னும் பின்னும் இரண்டு மாதம் புரட்டினார், ஹெபடைட்டிஸ் கிட் வரவே இல்லை என்பது தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு அட்டைகளையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியாக ஒன்று கேட்டார்.

"நான் கேட்ட அன்னைக்குக் கிட் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. என்மேல் நடவடிக்கைக்கு எழுதினார், தண்டனையும் வந்தது. மற்றப் பத்துப் பேரையும் வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்தார். பத்தும் நெகட்டிவ். அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து கிட் பற்றாக்குறை என்றால் வரிசை எண்படிதான், ஆளைப் பார்த்து இல்லை, கிட் இல்லையென்றால் கிட் இல்லை என்று சிவப்பு மையில் எழுது என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை உங்கள் லேபில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் காலியாக இருப்பதற்கு வெட்கப்படாதீர்கள். காலிக் கட்டத்தைப் பார்க்கும் டாக்டர் டெஸ்ட் செய்யச் சொல்வார். நாம் இட்டு நிரப்பிய கட்டத்தைப் பார்ப்பவர் மருந்தை மாற்றிவிடுவார்.

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் நான் எழுதிவிட்டேன், அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியது நீங்கள் என்றார் மேடம். அதற்கும் நான் மூன்று வாரம் நாள் கடத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். நம் ஆட்கள் நோயாளி வீட்டுக்குப் போவதென்றால் எப்படிப் போவோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்துக்கு நோய் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று தெருவில் கேட்டவரிடம் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். எளாவூருக்கு உள்ளே தள்ளி, ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. சலோமி வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். ஜெனி பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாரக் கடைசியில் வருகிறாளாம், சமைக்கிறாளாம், மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைக்கிறாளாம். பேசுவது மட்டும் இல்லை. அம்மா கேட்டால் ம் என்பதோடு சரி. சலோமி இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை, ஊர் நிலவரம் சொல்வது போலச் சொன்னார்.

"மெட்ராசுக்கே வந்து பாத்தீங்க. இப்ப ஊட்டுக்கும் தேடிக்கினு வந்துகிறீங்க. அதுவே பெருசுண்ணா" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்தார். நான் வேண்டாம் என்று உட்கார வைத்தேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்து போனது.

"உங்களுக்கு நான் அந்த டெஸ்டப் பண்ணவே இல்லம்மா" என்றேன். "பண்ணாமயே நெகட்டிவ்னு எழுதிட்டேன். கிருமி அப்பவே இருந்திருக்கு, உங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துலயே வந்திருக்கு. புதுசா எதுவும் வரல."

 பின்பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"ஏண்ணா பண்ணல?"

"கிட்டு கம்மியா இருந்துச்சு. நீங்க நல்லவங்க, உங்களுக்கு இருக்காதுன்னு நெனச்சேன்."

"லாரிக்காரங்களுக்குலாம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவங்கள்லாம் கெட்டவங்கன்னு பாத்து அவங்கள காப்பாத்துனீங்க. என்ன நல்லவன்னு சொல்லி உட்டுட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "சரி, எங்கிட்ட எதுக்குண்ணா சொல்லிக்கினு இருக்கீங்க? நான் யாருகிட்டயும் போவலன்னு எனக்குத் தெரியும். அத்தோ நிக்குறா பாருங்க, அவகிட்ட சொல்லுங்க."

ஜெனி பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். வராந்தாவில் அவள் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொன்னேன். அவள் பெற்றவளைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. புடவைத் தலைப்பு மாதிரி துப்பட்டாவை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பச்சைப் புத்தகத்தையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னம்மா எழுதணும்?"

"இப்ப வாயால சொன்னீங்களே, அத. நீங்க எழுதுனதத்தான் எல்லாரும் நம்புறாங்க. நானும் அதத்தான் நம்புனேன்."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதினேன். இவருக்கு ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யப்படவில்லை. செய்யாமலே நெகட்டிவ் என்று எழுதியது நான். இவருக்கு இந்தக் கிருமி முன்பே இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். ஜெனி வாங்கி ஒரு தடவை படித்தாள். படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். சலோமி எழுத்துக்கூட்டி விரல் வைத்துப் படிப்பவர். மூன்று வரியையும் படித்து முடிக்க வெகு நேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"தேதி போடலியேண்ணா" என்றார்.

பேனாவை எடுத்து அன்றைய தேதியைப் போடக் குனிந்தேன்.

"இன்னிக்குத் தேதி இல்லண்ணா. பாக்காமயே எழுதுனீங்கள்ல, அந்தத் தேதி."

எனக்கு அந்தத் தேதி ஞாபகம் இல்லை. மாதம்கூட நினைவுக்கு வரவில்லை. பச்சைப் புத்தகத்தைப் பின்னோக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் தேடிக்கொண்டிருந்தபோதே ஜெனி போய் அம்மாவின் சேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, என் கையெழுத்தில் இருந்த அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்து, அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.